லிப்ட் மறுக்கிறது

முதல் பக்கம்
(ஆகஸ்ட் 4, ஞாயிறு, காலை 7.10 மணிக்கு எழுதியது)

நோட்டின் முதல் பக்கத்தைக் காலியாக விட்டுவைத்து, எல்லாம் முடிகிற நாளில் அதில் சுருக்கம் எழுதுவது என் வழக்கம். கோர்ட்டில் முப்பத்துமூன்று வருடம் சுருக்கெழுத்தராக இருந்ததில் ஒட்டிக்கொண்டது. இன்று மாலை நாடகம். அதற்குப் பிறகு கை ஓடுமோ ஓடாதோ, இப்போதே எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில் இருப்பவை:

1. நான் இந்தப் பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பது.
2. அவர்களுடைய நாடகம் எப்படி உருவாகிறது, அதை நான் எப்படி எழுதி எடுத்தேன் என்பது.
3. எழுதியதால் வந்த கெடுதல். அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.
4. பவுனு பற்றிய ஒரு விஷயம். அது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும், அப்படியே இருக்கும்.
5. என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்குமா என்பது. இதற்கு இன்னும் பதில் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. கேட்டில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒல்லியான இளைஞன் ஒருவன் என் பெயர்ப் பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். "தாமோதரன், சுருக்கெழுத்தர், ஓய்வு."

ஓய்வு பெற்றவன் பலகையில் ஓய்வு என்று போட்டுக்கொள்வானா என்று என் மனைவி காந்திமதி பதின்மூன்று வருடமாகக் கேட்டுவருகிறாள். அந்தப் பலகையால் இன்று ஆள் வந்துவிட்டது.

அந்தப் பெண் மெர்சி. எதிர்ப்புறம் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்துவிட்டு இங்கே கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் செய்கிறாள். அந்த இளைஞன் லோகு. பகலில் தண்ணீர் கேன் போடுகிறான்.

"யாரும் எழுதிக் குடுக்கிற நாடகம் இல்ல சார். பசங்களே பண்றது. வாரா வாரம் மாறிக்கிட்டே இருக்கும். இப்ப இளையோர் நாடக விழாவுல எங்களுக்கு இடம் குடுத்திருக்காங்க. ஆனா முன்னாடியே எழுதிக் குடுக்கணுமாம். மேடையில அதுல இருந்து விலகினா போட்டியில கிடையாதாம். எங்களுக்கு ஆடத் தெரியும். எழுதத்தான் ஆள் இல்ல."

எனக்கு நாடகம் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

"தெரியாதவருதான் சார் வேணும். தெரிஞ்சவங்க மாத்தி எழுதிடுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளேயிருந்து காந்திமதி, "வருவார், வருவார். வீட்ல பென்சில் சீவிக்கிட்டு சும்மாதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் 5, புதன்

சிலிண்டர் வந்தது. பென்சில் நான்கு சீவினேன். போகாமல் இருக்க நல்ல காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ரேஷன் கடைக்கு மேலே ஒரு ஹால். மின்விசிறி இரண்டு, ஓடுவது ஒன்று. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். முக்கியமானவர்கள் மூன்று பேர்: லோகு, துணிக்கடையில் வேலை செய்யும் ஜெனிபர், பதினேழு வயது பவுனு.

பவுனுவின் அம்மா மீன் விற்கிறாள். இங்கே குடிவந்தபோது பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரத்துக்குப் போய்விட்டது. பவுனு சின்ன வயதிலேயே நின்றுவிட்டாள். மீன் சுத்தம் செய்து கொடுக்கிறாள். ஹாலுக்குள் வரும்போது கூடையை வெளியே வைத்துவிட்டுத்தான் வருகிறாள். இவ்வளவும் மெர்சி சொன்னது.

நாடகம் குடியிருப்பின் லிப்ட்டைப் பற்றியது. எட்டு மாடி; லிப்ட் ஓடுவது எப்போதாவது. லிப்ட்டாக நடிப்பது பவுனு. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கைகளைச் சேர்த்தால் கதவு மூடியிருக்கிறது, விலக்கினால் திறந்திருக்கிறது. அவ்வளவுதான் அரங்க அமைப்பு.

லோகு சிலிண்டர் தூக்கியபடி வருகிறான்.

"எட்டாவது மாடி."

"நேத்துதான போன? மறுபடியும் இன்னாத்துக்கு?"

"வூட்டுக்குப் போறேன்."

"வூடா அது? நா பாத்தேன். கதவு கூட உன் பேச்சக் கேக்கல."

அடுத்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வருகிறார். அவரை மட்டும் "வாங்க சார், பூ மாதிரி ஏத்தறேன்" என்று ஏற்றிக்கொண்டு போய், நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நிறுத்திவிடுகிறது லிப்ட். "இங்க நின்னாதான் சார் இந்தக் கட்டடம் உங்களுக்குப் புரியும். வெளிய எட்டு மாடி தெரியும். உள்ள இருக்கிறவங்க எல்லாரும் நடுவுலதான் கீறாங்க."

சிரித்ததில் இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். என் வேலையில் அது மன்னிக்க முடியாத குற்றம். இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பவுனு முற்றிலும் வேறு எதையோ சொன்னாள். அது இன்னும் நன்றாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

மூன்று வாரம் மூன்று நாடகம். லோகு என்னை முதல் வாரம் 'பெர்சு' என்றான்; மெர்சி முறைத்தாள். இப்போது எல்லோருக்கும் நான் 'ரைட்டர் சார்'.

"ரைட்டர் சார், நாங்க சண்டை போட்டதையும் எழுதிட்டீங்களா?" என்றான் லோகு.

"எழுதியிருக்கேன்."

"எத்தினி கெட்ட வார்த்த சொன்னேன்?"

"ஏழு."

"எட்டு சார். நீங்க ஒன்ன வுட்டுட்டீங்க."

காந்திமதியிடம் சொன்னேன். கோர்ட்டில் இருந்த நாளெல்லாம் ஒரு கதை கூடச் சொன்னதில்லையே என்றாள். உண்மைதான்.

ஜூலை 6, சனி

நான்கு வாரக் குறிப்புகளில் எது சிறந்ததோ அதை எடுத்துக் கோத்து, தட்டச்சு செய்து முடித்தேன். பதினான்கு பக்கம். ஆங்காங்கே வாக்கியங்களைச் சற்றுச் சீர் செய்தேன். சற்றுத்தான். கடையில் பிரதிகள் எடுத்துப் பின் அடித்தேன். முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 14, ஞாயிறு

பிரதி கொடுத்து ஒரு வாரம். கையில் காகிதத்தோடு முதல் ஒத்திகை. நாடகம் செத்துக் கிடக்கிறது.

லோகு பரவாயில்லை. பவுனுவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிற்கிறாள், கூரையைப் பார்க்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொல்கிறாள். நான் கடைப்பிடிக்கும் முறைப்படி, பிரதியில் இல்லாத சொல் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். விழாவின் விதி அப்படி இருக்கும்போது யாராவது கவனிக்க வேண்டுமே. பவுனுவுக்கு மட்டும் நாற்பத்தொரு கோடு.

ஜெனிபரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. தன் வரிகளை மட்டும் படிக்காமல், பவுனுவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லிப்ட்டின் வரிகளையும் சத்தமாகப் படிக்கிறாள். அடுத்தவர் பாடத்தை ஏன் படிக்கிறாய் என்றேன். "சத்தமா படிச்சாதான் சார் எனக்கு ஏறும்" என்றாள். மெர்சியிடம் முறையிட்டேன். "இருக்கட்டும் சார்" என்றாள். ஒழுங்கு என்பது இவர்களிடம் குறைவுதான்.

ஜூலை 16, செவ்வாய்

மேசையைத் துடைக்கும்போது நான்காம் பக்கம் ஒன்று தனியாகக் கிடைத்தது. மூலையில் 'பவுனு' என்று என் கையெழுத்து. அவளுடைய பிரதியில் நான்காம் பக்கமாகச் சேர்த்துப் பின் அடித்தது எதை என்று தேடினேன். தெரு நாய்கள் பற்றி நான் எழுதி, அனுப்பத் தைரியம் வராமல் வைத்திருந்த மனுவைக் காணோம்.

ஒன்பது நாளாக அந்த மனு அவளிடம் இருக்கிறது. ஏன் கேட்கவில்லை? பெரியவனாயிற்றே என்று தயங்கியிருப்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

ஒத்திகை தொடங்கும் முன் அவளைத் தனியே கேட்டேன். "நாலாம் பக்கம் சரியா இருக்காம்மா?"

"சூப்பரா கீது சார். அதுதான் எனுக்குப் புட்ச்ச பக்கம்."

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

ஒத்திகையில் இரண்டாவது காட்சியில் லிப்ட் நின்றது. நடிப்பில் அல்ல, நிஜமாகவே. பவுனு கைகளைக் கீழே போட்டாள். என் பென்சிலைப் பார்த்தாள். "எனுக்கு வேல கீது மெர்சிக்கா. வேற யாரனா லிப்ட்டா போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கூடையை எடுத்துக்கொண்டாள்.

வேறு யாரும் லிப்ட்டாக முடியாது. லோகு முயன்றான், சரக்கு லாரி மாதிரி இருந்தது. பிரதியைக் கொடுக்க இன்னும் நான்கு நாள்.

ஜூலை 22, திங்கள்

இரவெல்லாம் ஒன்றுதான் ஓடியது. நாய் மனுவைப் பிடித்த பக்கம் என்கிறாள்; அவளால் படிக்க முடியாது. இது எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் காகிதத்தைக் கொடுத்து, பென்சிலோடு எதிரே உட்கார்ந்து, நான்தான் அவளை விரட்டியிருக்கிறேன்.

காலை பத்தரைக்கு எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். லிப்ட் ஓடவில்லை. எட்டு மாடி ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் யாராவது, "இன்னா பெர்சு, ஒக்காரு, தண்ணி குடி" என்றார்கள். ஐந்தாவதில் ஒரு அம்மா மோர் கொடுத்தாள். நாடகம் முழுவதும் இந்தப் படிக்கட்டில் இருக்கிறது. ஆறு வாரம் அதை எழுதியும், நான் ஏறிப் பார்த்ததில்லை.

பவுனு நடையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மூச்சு திரும்பியபின், படியேறும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பவுனு, நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. கோர்ட்ல ஒருத்தர் சொன்னத எழுதினா, அதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும். சரின்னு அவங்க சொன்னாத்தான் செல்லும். உனக்கு நான் படிச்சுக் காட்டவே இல்ல. அதனால நான் எழுதினது செல்லாது."

இந்த விதி பொய்யல்ல. ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் 'படித்துக் காட்டப்பட்டது. சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று தட்டச்சு செய்தவன் நான். உண்மையில் எத்தனை முறை படித்துக் காட்டினோம் என்பதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

"இப்ப படிங்க பாப்போம்" என்றாள்.

படித்தேன். என் குரல் எனக்கே அந்நியம். "'தாங்கள் நேற்றுத்தானே சென்றீர்கள்? மீண்டும் எதற்காக?'"

"சார், சார், நிறுத்துங்க. யாரு சார் இவுரு?"

"லிப்ட்."

"நா எங்க சார் இப்டி சொன்னேன்? இது லிப்ட்டா, மாப்ள வூட்டுக்காரரா?"

நடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் இறால் கையை உதறிவிட்டு எழுந்து கதவுகளை நீட்டினாள். படிக்கட்டில் நின்றவர்கள் ஏறி வந்தார்கள். நான் ஒரு வரி படிக்க, அவள் அதை மறுத்துத் தன் வரியைச் சொல்ல, நான் எழுத, திரும்பப் படிக்க, அவள் தன் வரியையே மறுக்க, இப்படியே ஒன்றரை மணி நேரம். ஏழாவது மாடியிலிருந்து ஒருவர் தன் மகளையும் அழைத்து வந்தார். நான் படிப்பதைக் கேட்டே அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டு யாரும் சிரித்ததாக நினைவில்லை.

எல்லோரும் போனபிறகு அவள் கேட்டாள். "அப்ப அந்த நாலாம் பக்கத்துல இன்னா சார் இருந்துச்சு?"

"தெரு நாய்களைப் பத்தி ஒரு மனு."

படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரி சார்" என்றாள்.

ஜூலை 24, புதன்

இரண்டு நாளாகத் தட்டச்சு. ஒரு வழி கிடைத்திருக்கிறது. முறையானதுதானா என்று தெரியவில்லை. மெர்சி வீட்டுக்கு வந்தாள், லோகுவும். பயந்துகொண்டே காட்டினேன்.

நாடகம் இப்போது விசாரணை. குடியிருப்பவர்கள் லிப்ட்டின் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரைட்டர் மேசையில் உட்கார்ந்து, லிப்ட்டின் வாக்குமூலத்தை அதற்கே படித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு பத்திக்கும் கீழே நான் சேர்த்திருக்கும் குறிப்பு: 'இங்கே லிப்ட் மறுக்கிறது. ரைட்டர் எழுதியது தவறு என்று கூறி, உண்மையைத் தன் சொந்த வாயால் சொல்கிறது.'

மெர்சி இரண்டு முறை படித்தாள். "அப்ப பவுனு என்ன சொன்னாலும்..."

"அது பிரதியில உள்ளதுதான்."

லோகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "சார், பாக்க சாதுவா கீறீங்க. செம கேடி சார் நீங்க!"

இது ஏமாற்று வேலை இல்லையே என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறீர்கள் என்றாள் மெர்சி. ரைட்டராக யார் நடிப்பது என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காந்திமதியைப் பார்த்தேன்.

"பொண்ணு கல்யாணத்துல மைக்ல ரெண்டு வார்த்தை பேசச் சொன்னதுக்கு, மண்டபத்து பாத்ரூம்ல போய் நின்ன மனுஷன்" என்றாள் அவர்களிடம். பிறகு என்னிடம், "அந்த வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடணும்" என்றாள்.

ஜூலை 25, வியாழன்

பிரதியைக் கொடுத்தாயிற்று. வாங்கியவர் பக்கம் எண்ணிப் பார்த்தார். படிக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பவுனு வந்தாள். பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். லிப்ட் ஓடுகிறது! ஜெனிபர் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டாள். ஒருவழியாக அவளுக்கும் பாடம் ஏறிவிட்டது போலும்.

என் குரல் மூன்றாவது வரிசை வரைதான் கேட்கிறது என்று லோகு அளந்து சொன்னான்.

ஆகஸ்ட் 3, சனி

பனங்கற்கண்டு. வெந்நீர். தூக்கமில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, இரவு 8.20

கை ஓடுகிறது. ஓடும்போதே எழுதிவிடுகிறேன்.

நகரத்தின் நடுவில் பெரிய அரங்கம். குடியிருப்பிலிருந்து இரண்டு வேன் ஆட்கள். எட்டாவது மாடி முழுக்க வந்துவிட்டது. திரை விலகியது. மேசையில் நான். பிரதி கையில். முதல் வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் நடுவர்கள் மூன்று பேர், மடியில் என் பதினெட்டுப் பக்கங்கள். ஒரு நிமிடம் என்று எனக்குத் தோன்றியது. பத்து வினாடிதான் என்கிறாள் காந்திமதி.

அப்போது லிப்ட் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டியது.

"ரைட்டரே! நீங்களும் நடுவுல நின்னுட்டீங்களா?"

அரங்கம் அதிர்ந்தது. "தெரிமா உங்களுக்கு, நா நின்னா எத்தினி பேர் வந்து கதவ ஒதைப்பான்னு? உங்கள யாரும் ஒதைக்கல. சந்தோசப்பட்டுக்கினு படிங்க."

படித்தேன். லிப்ட் மறுத்தது. படித்தேன். மறுத்தது. மூன்றாவது பத்தியில் கடைசி வரிசையிலிருந்து எங்கள் ஐந்தாவது மாடி அம்மா, "மோர் குடுத்தது வீண் போகல!" என்று கத்தினாள். அங்கே கேட்டிருக்கிறது. அதிகாரி லிப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட இடத்தில் பவுனு ஒத்திகையில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள். "பயப்படாதீங்க சார். எங்க வூட்ட இட்ச்ச அன்னிக்கு லாரில ஏத்தி, எறங்குற எடம் சொல்லாம இட்டுக்கினு வந்தீங்களே, அதே மாதிரிதான். போய்ச் சேந்தா தெரியும்." யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வரியில் சிரித்தார்கள், அழுதுகொண்டும் சிரித்தார்கள். நடு நாற்காலியில் இருந்த நடுவர் பிரதியை மூடித் தரையில் வைத்துவிட்டார்.

முதல் பரிசு வேறொரு குழுவுக்கு. அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள். எங்களுக்கு ஒரு உறை கொடுத்தார்கள். அதை லோகு வேனில்தான் பிரித்தான். பார்த்துவிட்டு ஓவென்று கத்தினான். பக்கத்தில் இருந்த பவுனுவைத் தாண்டிப் பின்சீட்டுக்கு நீட்டினான். "ஜெனி, லிப்ட்டுக்குப் படிச்சுக் காமி!"

இத்தனை பேர் முன்னால், இந்தப் பையன்! நான் அவசரமாக, "நான் படிக்கிறேன், எல்லாருக்குமே படிக்கிறேன்" என்று எழுந்து, வேனின் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஜெனிபர் படித்தாள். நாடகத்தை அடுத்த மாதம் இன்னும் இரண்டு ஊர்களில் போட அழைத்திருக்கிறார்கள். வேன் குலுங்கியது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பவுனு என் பக்கம் குனிந்தாள்.

"அதுங்களுக்கு ரெண்டு வருசமா தெரியும் சார்."

"எது?"

"அதான். எனுக்குப் படிக்க வராதுன்னு. ஜெனி பின்ன ஏன் தொண்டை கிழியப் படிச்சுது? நீங்க அதையும் திட்டுனீங்க."

"ரகசியம்னு சொன்னியே!"

"நீங்கதான் சார் ரகசியம்னீங்க. அவ்ளோ மாடி ஏறி வந்துட்டு சொல்றாரே, செரின்னு வுட்டேன்."

"பின்ன அன்னிக்கு ஏன் போன?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுங்க முன்னாடி எனுக்கு வெக்கம் இல்ல. கோர்ட்டுல இருந்தவரு நீங்க. நா ஒன்னு சொன்னா ஒரு கோடு, ஒன்னு சொன்னா ஒரு கோடு." பிறகு என் தலையைப் பார்த்தாள். "வீங்குது சார். தேச்சு வுடுங்க."

வீட்டுக்கு வந்ததும் காந்திமதியிடம் சொன்னேன். வீங்கிய இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, "துணிக்கடையில பாத்தப்ப ஜெனிபர் போன மாசமே சொல்லிச்சே. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு மெர்சி சொன்னா. நீங்களா கண்டுபிடிக்கட்டும்னு" என்றாள்.

முதல் பக்கத்தின் நான்காவது குறிப்பு தவறு. அந்த விஷயம் ஹாலில் இருந்த எல்லோருக்கும், என் வீட்டுச் சமையலறைக்கும் தெரிந்திருந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். அடித்துவிட்டு ஓரத்தில் திருத்தி எழுதியிருக்கிறேன். பென்சிலால் அல்ல, பேனாவால்.